கூடித் தைக்கும் துணியில் யார் பெயர் இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிமாநிலத் தொழிலாளர்களோடு சேர்ந்து சுவரோவியம் வரைவது, துணியில் படம் தைப்பது, புகைப்படக் கண்காட்சி வைப்பது என்று திருப்பூர் வட்டாரத்தில் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் முகாம் நடத்துகின்றன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் இதற்குக் கிடைக்கிறது. நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் பெரும்பாலான முகாம்கள் காலையில் தொடங்கி அன்று மாலையே முடிந்துவிடுகின்றன. காலையில் பெயின்ட் டப்பா வரும், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் வரும், மாலையில் சிறப்பு விருந்தினர் வருவார். சுவரில் ஒரு ரயிலும் கைகோத்து நிற்கும் நாலு பொம்மைகளும் மிஞ்சும். மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். படத்துக்குள் இருப்பவர்களும் தூரிகை பிடித்தவர்களும் ‘பங்கேற்பாளர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள்.

இதைச் சரியாகச் செய்ய வழி இருக்கிறது: ஆளுக்கு ஒரு துண்டுத் துணியில் கையால் படம் தைத்து, எல்லாவற்றையும் ஒரே துணியாகச் சேர்ப்பது. செலவு அதிகமில்லை, நேரம்தான் அதிகம். அதை விவரமாகவே எழுதுகிறோம். கடிதம் நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

அடிப்படை ஒன்றுதான். வந்தவரும் இருப்பவரும் ஒரே கேள்விக்கு, ஒரே துணியில், ஒரே கூலிக்கு உட்கார வேண்டும். பீகார்க்காரரையும் ஒடிசாக்காரரையும் மட்டும் வரிசையாக உட்கார வைத்து, ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள், படமாக்குகிறோம்’ என்றால் அது கலர் பென்சிலோடு நடக்கும் போலீஸ் விசாரணை. கேட்பவர் ஊர்க்காரர், சொல்பவர் அயலார் என்ற பிரிவு அந்த அறைக்குள்ளேயே ஒருமுறை உறுதியாகிவிடும்.

திருப்பூரில் ‘இருப்பவர்’ யார் என்பதும் லேசான கேள்வி இல்லை. இன்று கம்பெனிகளின் பவர் டேபிள் தையல் மெஷினில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேரைக் கேட்டுப் பாருங்கள்: தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், தஞ்சாவூர் என்பார்கள். பஞ்சம் பிழைக்க வந்த அவர்களை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் ‘தெக்கத்திக்காரன்’ என்றது. வீடு கொடுக்க யோசித்தது. இன்று அதே வாய் ‘இந்திக்காரன்’, ‘வடக்கன்’ என்கிறது. சில நேரம் அந்தத் தெக்கத்திக்காரரின் வாயே சொல்கிறது. இந்த அடுக்குகள் துணியில் வராவிட்டால் உழைப்பு வீண். அதனால் 24 பேர் கொண்ட குழுவில் வெளிமாநிலத்தவர் 12, தமிழர் 12 என்று வையுங்கள். அந்தத் தமிழர்களில் பாதிப் பேராவது தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும்.

புகைப்படம் ஏன் வேண்டாம், எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர் கையிலேயே கேமராவைக் கொடுத்து, எடுத்த படங்களை வைத்துக் கூடிப் பேசும் முறை 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களோடு கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் செய்த வேலையிலிருந்து உலகெங்கும் பரவியது. நல்ல முறைதான். பனியன் கம்பெனியில் அதற்கு இரண்டு தடை உண்டு. உற்பத்திக் கூடத்தில் பல இடங்களில் செல்போனுக்கே அனுமதி இல்லை. பிராண்டு லேபிள் தெரியும் படம் வெளியே போனால் எடுத்தவருக்கு வேலை போகும். இரண்டாவது, முகம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய வீடியோக்களை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கோ எப்போதோ நடந்த சம்பவங்களின் காட்சிகளுக்குத் திருப்பூரின் பெயரை ஒட்டிவிட்டார்கள். பொய் என்று காவல்துறை சொன்னது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துப் போனது. அதற்குள் பயத்தில் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் ஏறிவிட்டார்கள். விளக்கத்தைப் படத்துக்கு வெளியே வைத்தால் அது கழன்று போகும், கழன்ற படத்தை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். தைத்த துணியில் முகம் தெரியாது. விளக்கத்தையும் அதே துணியில் தைத்துவிட்டால் பிரிக்க முடியாது.

துணிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சிலியில் 1973 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் சாக்குத் துணியில் கிழிசல் துண்டுகளை ஒட்டித் தைத்துத் தங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகப் பெயர் போடாமலே வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களின் ஊர்களிலேயே இந்தக் கலை இருக்கிறது. பீகார் முசாபர்பூர் மாவட்டத்தின் புசுரா கிராமத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் சுஜனி, 2006-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஓரக்கோட்டைச் சங்கிலித் தையலிலும் உள்ளே நிரப்புவதை ஓட்டத் தையலிலும் போடுவார்கள். வரதட்சணை, குடி போன்ற வீட்டு விவகாரங்களையும் அதில் தைத்திருக்கிறார்கள். வங்காளத்தில் இதே போன்ற காந்தா. ஒடிசாவில் பூரி ரதத்துக்கு விதானம் தைக்கும் பிப்பிலியின் ஒட்டுத்துணி வேலை. ஜூட் பையில் டிபன் பாக்ஸோடு செக்கிங் டேபிளுக்கு வரும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்று பாட்டி கைவழியாகத் தெரிந்திருக்கலாம். முகாம் நடத்துபவர் அவருக்கு ‘ஓவியம் கற்றுக்கொடுக்க’ வருவது கொஞ்சம் வேடிக்கைதான்.

இனி பொருள். ஒரு ஆளுக்கு 18 அங்குலச் சதுரம் காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. சுற்றிலும் ஒரு அங்குலம் தையலுக்குப் போக, படம் வருவது 16 அங்குலச் சதுரம். 24 துண்டுகளை அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு நாலு என்று சேர்த்தால் 8 அடிக்கு 5 அடி 4 அங்குலம் வரும். ஒரு சாதாரண அறைச் சுவருக்குப் போதும். 40 அங்குல அகலக் காடாவில் முன்பக்கத்துக்கு ஆறரை மீட்டர், பின்பக்க உள்துணிக்கு ஆறு மீட்டர், ஆக பன்னிரண்டரை மீட்டர் வாங்க வேண்டும். வாங்கியதை அப்படியே வெட்டக் கூடாது. தறிக் காடாவில் கஞ்சி இருக்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் சுருங்கும். அலசாமல் தைத்தால் முதல் சலவையில் காடா சுருங்கி மேலே தைத்த பனியன் துணி அத்தனையும் உப்பிக்கொண்டு நிற்கும்.

மேலே தைக்கும் துண்டுகளுக்கு, பனியன் கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூன்று கிலோ இருந்தால் தாராளம். உண்மையில் ஒரு கிலோகூடச் செலவாகாது. நிறம் தேர்ந்தெடுக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று. பிரிண்ட் போட்ட வேஸ்டைத் தொடாதீர்கள். அதில் ஏதாவது பிராண்டின் பெயரோ கார்ட்டூனோ இருக்கும், அது சுவரில் தொங்கினால் வேஸ்ட் கொடுத்த கம்பெனிக்கு ஆர்டர் தரும் பையரிடமிருந்து கேள்வி வரும், அடுத்த முறை யாரும் கொடுக்க மாட்டார்கள். பனியன் துணி வகைகளில் சிங்கிள் ஜெர்சி வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும். வெட்டும் முன் கஞ்சி தெளித்து இஸ்திரி போட்டால் அரை மணி நேரம் அடங்கியிருக்கும். இன்டர்லாக் சுருளாது, புதிதாகத் தைப்பவர்களுக்கு அதையே கொடுக்கலாம். ரிப் துணி இழுபடும்; கழுத்துப் பட்டை, தண்ணீர்க் குழாய் போன்ற நீளமான உருவங்களுக்கு மட்டும் ஆகும். சிவப்பு, கறுப்பு, அடர்நீலம் மூன்றையும் நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்தத் துண்டு வேண்டாம்.

பனியன் துணியை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டக் கூடாது. வளையத்தில் இழுபட்ட நிலையில் தைத்துவிட்டு எடுத்தால் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. படம் சுருக்கம் விழுந்து கிடக்கும். காடாவைத் தட்டையாக மேசையில் விரித்து, வெட்டிய உருவத்தை வைத்து, பெரிய நூலோட்டம் போட்டு நிறுத்தி, பிறகு ஓரம் தைக்க வேண்டும். பசை போட்டு ஒட்டும் யோசனை எல்லா முகாமிலும் யாராவது ஒருவருக்கு வரும். பசை காய்ந்த இடத்தில் ஊசி இறங்காது, ஆறு மாதத்தில் மஞ்சள் கறை வேறு. எம்பிராய்டரி நூல் கட்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஆளுக்கு மூன்று கட்டு போதும். புதியவர்களுக்கு மூன்று இழை கொடுங்கள். தையல் கோணலானாலும் தடிமனாகத் தெரியும், தைரியம் வரும்.

மெஷின் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிங்கர் டைலரும் ஓவர்லாக் டைலரும் மெஷினில் உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் படம் முடிந்துவிடும். பக்கத்தில் அயர்னிங்கில் வேலை செய்பவரும், டைலருக்கு உதவியாளாக இருக்கும் கைமடியும் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்கள். கம்பெனியில் இருக்கிற ஏற்றத்தாழ்வு அப்படியே மேசைக்கு வந்துவிடும். கைத்தையலில் நல்ல டைலரும் மெதுவாகத்தான் போக முடியும். எல்லோரும் மெதுவாகப் போனால்தான் பேச்சு வரும்.

எட்டு ஞாயிறு, தலா மூன்று மணி நேரம். காலை நேரம் வைக்காதீர்கள். வாரத்துத் துணி துவைப்பதும், காதர்பேட்டைக் கடைவீதிப் பக்கம் போய் வருவதும், ஊருக்குப் பணம் போடுவதும் ஞாயிறு காலையில்தான். பிற்பகல் 2.30 முதல் 5.30 வரை சரியாக இருக்கும். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் இருட்டும் முன் திரும்ப வேண்டும். விடுதிக் காப்பாளரிடம் எட்டு தேதிகளையும் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஹோலி, சட் பூஜை, துர்கா பூஜை, ஜூனில் ஒடிசாவின் ரஜோ, நாற்று நடும் மழைக்காலம், நம் பக்கம் பொங்கல், தீபாவளி போனஸ் வாரம் எல்லாவற்றையும் காலண்டரில் அடித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஜனவரி கடைசி முதல் ஹோலிக்கு முன்பு வரை ஒரு துண்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு துண்டு. அதற்குள் முடிக்கப் பாருங்கள்.

இடம் கம்பெனிக்குள்ளோ விடுதிக்குள்ளோ கூடாது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி வகுப்பறை, நூலக அறை, சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்று எது கிடைத்தாலும் சரி. மொழிபெயர்க்க லேபர் கான்ட்ராக்டரையோ சூப்பர்வைசரையோ கூப்பிட்டால் முகாமை அன்றே மூடிவிடலாம். அவர் இருக்கும் அறையில் யாரும் சம்பளத்தைப் பற்றியோ அறை வாடகையைப் பற்றியோ வாய் திறக்க மாட்டார்கள். இந்தி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு. ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்தும் வருபவர்களில் சந்தாளி பேசுபவர்கள் உண்டு, அந்த மொழிக்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே இருக்கிறது. மைதிலி, போஜ்புரி, ஒடியா, வங்காளம், அசாமி எல்லாம் ‘இந்தி’ என்ற ஒரே டப்பாவில் போகின்றன. இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள் நன்றாக மொழிபெயர்ப்பார்கள்தான், ஆனால் அப்பா அம்மா வெட்கப்படுகிற விஷயத்தைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. பிள்ளைகளுக்குத் தனி மேசை போடுங்கள். சிங்கப்பூரில் 2014-ல் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி முதலில் வங்காளத்தில் நடந்தது. அடுத்தடுத்து மற்ற மொழிகள் சேர்ந்தபோது தமிழ்த் தொழிலாளர்களும் எழுதினார்கள். அவரவர் மொழியில் எழுதவிட்டு, மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொண்டதால்தான் அது நடந்தது. துணிக்கும் அதே வரிசைதான்.

முதல் ஞாயிறு என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: தேசியக்கொடி, தாஜ்மகால், ரயில், அம்மா. தமிழர் பக்கத்தில் கோபுரம், ஜல்லிக்கட்டுக் காளை. நடத்துபவருக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைத்து வருகிற படங்கள் இவை. தடுக்க வேண்டாம், காகிதத்தில் வரையட்டும். இரண்டாம் ஞாயிறு கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். ‘சொந்த ஊர் ஞாபகம் வருகிறதா’ என்ற வகைக் கேள்விக்குக் கண்ணீர் வரும், படம் வராது. இப்படிக் கேட்கலாம்: இந்த ஊரில் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லும் ஆள் யார், அவர் எங்கே நிற்பார்? எந்தக் கடையில் உங்களுக்குக் கணக்கு உண்டு? எந்த வாசலில் நின்று கேட்டுத்தான் உள்ளே போக முடியும்?

மளிகைக் கடைக் கணக்கு சாதாரண விஷயமாகத் தோன்றும். அண்ணாச்சி கடையில் சனிக்கிழமை சம்பளம் வரை கடன் கொடுப்பார் என்றால் அந்தத் தெரு உங்களை நம்புகிறது என்று அர்த்தம். அந்த நோட்டில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் அடுத்த படம் பிறக்கும். பெயராகவும் இருக்கலாம், ‘பீகார், மாடி ரூம்’ என்றும் இருக்கலாம். வாசல் கேள்வி தமிழர் பக்கத்தில் ஆழமாக வெட்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போன தமிழரிடம் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்கிற வாசலும், வெளிமாநிலத்தவரிடம் ‘இந்திக்காரங்களுக்கு விடறதில்லை’ என்கிற வாசலும் பல நேரம் ஒரே வாசல். இருவரும் ஒரே மேசையில் அதைத் தைக்கும்போது நாம் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. லைன் வீட்டுக் குழாயடியும் அப்படித்தான். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், யார் குடம் முதலில், யார் வாளி கடைசியில் என்று குடங்களின் நிறத்தை வைத்தே தைத்துவிடலாம். ஒருவர் தைத்த வரிசையும் பக்கத்தில் இருப்பவர் தைத்த வரிசையும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாததை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்று, நான்காம் ஞாயிறுகளில் அவரவர் துண்டில் வேலை. ஐந்தாம் ஞாயிறு துணி கைமாறும். ஒவ்வொருவரும் தன் துண்டை இடப்பக்கம் இருப்பவரிடம் கொடுப்பார். வாங்கியவர் அதில் ஒரே ஒரு பொருளைச் சேர்க்கலாம். ஏற்கனவே தைத்ததைப் பிரிக்கவோ அதன் மேல் தைக்கவோ கூடாது. கூட்டுக்கலை உண்மையில் நடப்பதும் சண்டை வருவதும் இந்த ஒரு நாளில்தான். பாதி வேலை முடிந்த வாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் சாமிப்படம் சேர்த்துவிடுவார். இன்னொருவர் வேடிக்கைக்காக ஒரு பான்பராக் எச்சில் கறையைத் தைப்பார், சொந்தக்காரருக்கு அது குத்தும். அதனால் விதிகளை நான்காம் ஞாயிறே சொல்லிவிட வேண்டும்: சொந்தக்காரர் சங்கிலித் தையல், விருந்தாளி ஓட்டத் தையல். கண்ணால் பார்த்தாலே யார் கை என்று தெரியும். விருந்தாளி சேர்த்ததை ஏழாம் ஞாயிறு வரை வைத்திருந்து பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் சொந்தக்காரர் பிரித்துவிடலாம். பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியும். தெரியட்டும்.

பாதியில் ஊருக்குப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். 24 பேரில் நாலைந்து பேராவது எட்டாம் ஞாயிறு இருக்க மாட்டார்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தகவல் வரும், அன்றே ஊருக்கு ரயில் பிடிக்க ஓடுவார்கள். முடியாத துண்டை இன்னொருவரிடம் கொடுத்து முடிக்கச் சொல்வது நடத்துபவர்களின் வழக்கம். கூடவே கூடாது. பாதிப் படத்தைப் பாதியாகவே, நூலோட்டம் தொங்கத் தொங்கச் சேர்த்துத் தையுங்கள். அழகு கெடும் என்பார்கள். இந்த வேலையில் ஆட்கள் இப்படித்தான் வந்து போகிறார்கள் என்பதைவிட உண்மையான படம் அந்தத் துணியில் வேறு இருக்காது.

முடிந்த துண்டுகளைச் சேர்ப்பதற்கு மட்டும் மெஷின். மேலே தைத்த பனியன் துண்டு எதுவும் ஒரு அங்குல ஓரத்துக்குள் வந்திருக்கக் கூடாது. வந்தால் மடிப்பில் தடித்து ஊசி தாண்டும். முதலில் ஆறாறு துண்டுகளாக நாலு வரிசை, இஸ்திரி, பிறகு வரிசைகளைச் சேர்ப்பது. உள்துணியை வைத்து நாலு துண்டு சேரும் முனைகளில் நூல் முடிச்சுப் போட்டால் போதும். மேலே நாலு அங்குல அகலத்தில் குழல் தைத்து மூங்கில் நுழைக்கலாம். மொத்த எடை இரண்டு கிலோ அளவில்தான் இருக்கும், ஆனாலும் பிவிசி குழாய் நடுவில் தொய்யும். கீழே ஆறு அங்குலப் பட்டை ஒன்று விடுங்கள், விளக்கம் அதில்தான் வர வேண்டும்: எந்த ஊர், எந்த ஆண்டு, யார் யார் தைத்தது. தைத்தவர்கள் எழுதும் எல்லா எழுத்திலும். பெயர் போட விரும்பாதவருக்கு ஒரு பொத்தான். துணியோடு வைக்கும் பிளக்ஸுக்கு இந்தி, ஒடியா வாசகங்களைத் தட்டச்சு செய்து அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினால் கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் கூட்டெழுத்து உடைந்து வரும். எழுத்தை கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி, படிக்கத் தெரிந்த இருவரிடம் காட்டிய பிறகு அனுப்ப வேண்டும். நாலு மொழியில் மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் உடைந்திருந்தால், அந்த மொழிக்காரர் அதைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

சம்மதப் படிவத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். பெயர் போடலாமா, உங்களைப் படம் எடுக்கலாமா, துணியை வேறு ஊருக்குக் கொண்டு போகலாமா, விற்கலாமா என்று நாலு தனிக் கேள்வி, அவரவர் மொழியில், வாசித்துக் காட்டி. துணி தொங்கும் நாள் வரை பதிலை மாற்றிக்கொள்ளலாம். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ம் பிரிவு, படைத்தவர் உரிமையை விற்ற பிறகும் தன் பெயரைக் கோரவும், படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் அவருக்கு இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனின் வெண்கலச் சிற்பச் சுவரை அரசு பெயர்த்துப் போட்டதற்காக அதைச் செய்த சிற்பி அமர்நாத் சேகல் தொடர்ந்த வழக்கில் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவின் கீழ்தான். செக்கிங் டேபிள் பெண்ணுக்கும் அதே சட்டம்தான். துணி எங்கே தங்கும் என்பதை முதல் ஞாயிறே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடத்தியவர் அலுவலக பீரோவில் மடித்துக் கிடக்கும். முழுத் துணியின் 12க்கு 8 அங்குலப் புகைப்படம் ஒன்று ஒவ்வொருவருக்கும் போக வேண்டும், ஊருக்குப் போனவர்களுக்குத் தபாலில்.

பணக் கணக்கைச் சொன்னால் நிதி கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆளுக்கு ஒரு ஞாயிறுக்கு அரை ஷிப்ட் கூலி. 24 பேர், எட்டு ஞாயிறு: 192 அரை ஷிப்ட், அதாவது 96 முழு ஷிப்ட். துணி, நூல், ஊசிச் செலவு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ‘கலைக்குக் கூலியா, அவர்களாக விரும்பி வர வேண்டாமா’ என்று கேட்பவர்கள், ஓவியருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் மதிப்பூதியம் ஒதுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தமிழருக்கும் அதே கூலி. ஒரு பக்கம் கூலி, மறு பக்கம் சேவை என்று வைத்தால் மேசையில் யார் யாருக்கு உதவ வந்தவர் என்ற எண்ணம் உடனே வந்துவிடும்.

முதல் கண்காட்சியைச் சென்னைக் கேலரியில் வைக்க வேண்டாம். தைத்தவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு காம்பவுண்டில் ஒரு ஞாயிறு மாலை கட்டுங்கள், பிறகு நூலகம், பிறகு எங்கு வேண்டுமானாலும். நேர் வெயில் படும் சுவர் கூடாது. ஃப்ளோரசன்ட் பச்சையும் ரோஸும்தான் முதலில் வெளுக்கும், டீ-ஷர்ட் வேஸ்டில் அந்த நிறங்களும் வரும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு வேலை நடப்பதாகத் தெரிந்தால் செய்தியாளரைத் திறப்பு விழாவுக்கு அனுப்ப வேண்டாம். குத்துவிளக்குப் படம் வேறு யாராவது தருவார்கள். ஐந்தாம் ஞாயிறு 2.30 மணிக்கு, துணி கைமாறும் நேரத்துக்கு அனுப்புங்கள். கைகளையும் துணியையும் தாராளமாகப் படம் எடுக்கலாம். முகம் வேண்டுமென்றால் யார் யார் சம்மதித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒருங்கிணைப்பாளர் மேசையில் இருக்க வேண்டும். இல்லை என்றால் அதையே செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
கூட்டுத் துணிப்படப் பட்டறைகளில் வேலை செய்வோர் சிலர்,
திருப்பூர்.